பெயரிலி அக்கா

டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் ஜாக்கெட் கொக்கி கழன்றிருந்தால் அக்காவால் சும்மா இருக்க முடியாது. லேசாக முன்னால் குனிந்து, அந்தப் பெண்ணின் காதுக்குப் பின்னால், "கொக்கி கழண்டிருக்கு, முந்தானைய இழுத்து விட்டுக்குங்க" என்பார். அந்தப் பெண் பதறிச் சரிசெய்துகொண்டு, யார் சொன்னது என்று திரும்புவதற்குள் அக்கா ஜன்னலுக்கு வெளியே காவிரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ்ங்க" என்று சிரித்துவிட்டு அந்தப் பெண் திரும்பிக்கொள்ளும். எனக்குச் சேராத இப்படிப்பட்ட நன்றிகள் நிறைய வந்திருக்கின்றன.

"நீங்கதான் சொன்னீங்கன்னு தெரிஞ்சா என்னக்கா ஆயிடும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விஷயம் தெரியணும். யாரு சொன்னாங்கன்னு எதுக்கு?"

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறுவோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறி தில்லை நகர் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் நான் வரவேற்பு கவுண்டர். அக்கா ரிப்போர்ட் டைப் செய்பவர். டாக்டர் படங்களைப் பார்த்துப் பேசிப் பதிவுசெய்வதை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்குவது அவர் வேலை. காத்திருக்கும் கூடத்தின் கடைசியில், நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால் அவருடைய சிறிய அறை. அதன் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும். வரும்போதும் போகும்போதும் அக்கா கூடத்துக்குள் வரமாட்டார். பின்பக்கப் படி வழியாக ஏறி, பின்பக்கப் படி வழியாகவே இறங்கிவிடுவார்.

கவுண்டரில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்கம்மா." மகன் சொல்வான், மருமகள் சொல்வாள், கட்டிய கணவன் சொல்வார். ரிப்போர்ட் உறையை நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது. நோயாளி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்பும்போது என்னிடம், "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார். "டாக்டர் சொல்வாருங்க" என்பேன். பழகிவிட்டது.

அக்காவுக்குப் பழகவில்லை. ரிப்போர்ட்டை அவர்தானே டைப் செய்கிறார். அந்த மனிதரின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு அடுத்தபடியாக அறிந்துகொள்பவர் அக்கா. அதைத் தெரிந்துகொண்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு தெரியும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, கேட்காமலே சொன்னார். "எங்கம்மா கேட்டாங்க, எனக்கு என்னடின்னு. நான் பின்னாடி நின்னு தலை வாரி விட்டுக்கிட்டிருந்தேன். ஒண்ணுமில்லம்மான்னு சொன்னேன். தீபாவளிக்குள்ள சரியாயிடுமான்னு கேட்டாங்க. சரியாயிடும்னு சொன்னேன்." அவ்வளவுதான். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுவதும் மனசு கனத்துக் கிடந்தது. பிறகு கூட்டிப் பெருக்கும் ஆயாவிடம் இதைச் சொன்னபோது ஆயா முகத்தைச் சுருக்கினாள். "அம்மாவா? என்கிட்ட அண்ணன்னு சொல்லிச்சு. முடி வெட்டி விட்டேன்னு சொல்லிச்சு." எது உண்மை என்று நான் அக்காவிடம் கேட்டதில்லை.

அந்த நாட்களில் திருச்சிக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு பேச்சுக்குழு இருந்தது. குழுவின் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினால் அது எல்லா உறுப்பினருக்கும் போய்ச்சேரும். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குகிறார், மணப்பாறை முறுக்கு நிஜமானது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு அது நாளிதழ் மாதிரி. கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். அம்மா போன பிறகு வீட்டில் அவரும் நானும்தான். கேட்க ஆள் நான் ஒருத்தி.

அதில் 'பெயரிலி' என்ற பெயரில் அவ்வப்போது ஒரு பதிவு வரும். எல்லாம் யாரோ ஒருவரிடம் நேராகப் பேசுவது போல இருக்கும். "மெயின்கார்டு கேட்டில் நீல ஸ்கூட்டரில் நின்றவரே, உங்கள் பின்விளக்கு எரியவில்லை." "உறையூர் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளையை மடியில் வைத்திருந்தவரே, பையனின் பையில் அடியில் கிழிசல் இருக்கிறது." அதைப் படித்து மறுநாள் ஒருவர், "அது என் ஸ்கூட்டர்தான், மாற்றிவிட்டேன்" என்று எழுதுவார். ஊருக்கே அது ஒரு விளையாட்டாக இருந்தது. அப்பாவுக்கு மிகவும் பிடிக்கும். "எங்கேருந்து பாக்குறாங்கன்னே தெரியல பாரு" என்று சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை இப்படி ஒன்று வந்தது. "மஞ்சள் சட்டைக் காலரில் சிவப்பு நூலால் தைத்திருப்பவருக்கு. உங்கள் மகன் ஓர் உறையை வைத்திருக்கிறார். அது உங்களுடையது. கேட்டு வாங்கிப் படியுங்கள்."

அப்பா இதை வழக்கமான குரலில்தான் படித்தார். எனக்கோ மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி நினைவுக்கு வந்தார். மகன் உறையை வாங்கிக் கைப்பைக்குள் திணித்ததும் நினைவுக்கு வந்தது. ஆனால் காலரில் சிவப்பு நூல்? நான் பார்க்கவில்லை. எனக்கு எல்லாருடைய முன்பக்கம்தானே தெரியும்.

மறுநாள் அக்கா டாக்டர் அறைக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய அறைக்குள் போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் வரிசை வரிசையாகப் பின்கழுத்துகள். ஒரு கிழவியின் கழுத்தில் தாலிக்கயிறு புதிதாக மாற்றிய மஞ்சளோடு ஒட்டிக் கிடந்தது. ஒருவருக்கு முடி வெட்டிய இடத்தில் கத்தி கீறி ஆறாத கோடு. ஒரு பையனின் காதுக்குப் பின்னால் சோப்பு நுரை காய்ந்திருந்தது. யாருக்கும் தன்னைப் பற்றி அது தெரியாது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகு பெயரிலியின் பதிவுகள் எல்லாமே அப்படித்தான் வந்தன. அதன் நல்லதையும் பார்த்தேன், கெட்டதையும் பார்த்தேன். ஓர் அம்மாள் தானே கவுண்டருக்கு வந்து, "எனக்கு என்னன்னு தெரிஞ்சு போச்சும்மா. இத்தனை வருஷம் என் தங்கச்சி வீட்டு வாசல மிதிக்காம இருந்தேன். போய் அவ கையால சாப்பிட்டுட்டு வந்துட்டேன். எழுதினவங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதே வாரம் உறையூரிலிருந்து ஒரு டீச்சர் நடுங்கிக்கொண்டு வந்தார். ஈரத்தலையில் முடிச்சுப் போட்டு மல்லிகை வைத்தவருக்கு என்று வந்த பதிவைப் படித்திருக்கிறார். அது தான்தான் என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. உறையைப் பிரித்து டாக்டரே படித்துக் காட்டினார். டீச்சர் நம்பவில்லை. "எல்லாரும் சேர்ந்து மறைக்கிறீங்க" என்றார். அப்புறம் வேறு வேறு சென்டர்களுக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருந்தாராம். உடம்பு பாதியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

குழுவில் பயம் பிடித்துக்கொண்டது. நடத்துகிறவர் விளக்கினார். பெயரிலி குழுவுக்கு நேராக எழுதுவதில்லை, கேட்வே என்கிற ஒரு வழியாக அனுப்புகிறார், அங்கேயே பெயரும் முகவரியும் கழன்றுவிடும், கண்டுபிடிக்க வழியில்லை, வேண்டுமானால் அந்த வழியை அடைத்துவிடலாம் என்றார். அடையுங்கள் என்று சிலர் எழுதினார்கள். பலர் எழுதவில்லை. அடைத்துவிட்டால், தனக்கு வரவேண்டியது வராமலே போய்விடுமோ என்று அவர்களுக்குப் பயம். எங்கள் மேனேஜருக்கு மட்டும் சந்தேகம் வந்து எல்லாருடைய கம்ப்யூட்டரையும் ஆள் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் அக்காவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும்போது மட்டும் என் பின்கழுத்தை முந்தானையால் மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

அப்பாவுக்கு வயிற்றுவலி தொடங்கி, சாப்பாடு குறைந்து, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தபோது அவரை எங்கள் சென்டருக்கே கூட்டிப் போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் இருந்தது. பரவியும் இருந்தது. அவர் சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சார்."

கூடத்துக்கு வந்தேன். அப்பா கடைசி வரிசையில், டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி. அதில் என் முகம் தெரிந்தது.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அக்காவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, எங்கப்பாவப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க."

அவர் எதையும் மறுக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பியபடியே சொன்னார்.

"அனுப்பிட்டேன்மா."

"எப்ப?"

"நேத்தே. டைப் பண்ணி முடிச்சதும் மனசு கேக்கல."

"இன்னும் வரலையே. எங்கப்பா குழுவுல வர்றது எல்லாத்தையும் படிப்பாரு. நிறுத்துங்கக்கா, திருப்பி எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது. நம்ம கைய விட்டுப் போச்சுன்னா போச்சு. ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடம், அங்கேருந்து இன்னொரு எடம்னு போகும். ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்குப் பிடிச்சு வெச்சிருந்து அனுப்பும். நேரத்த வெச்சு ஆளக் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். சிலது அன்னைக்கே வந்துரும். சிலது மாசக்கணக்குல ஆகும். எங்க இருக்கு, எப்ப வரும்னு எனக்கும் தெரியாது."

நான் அழுதேன். அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். "அவரு தெரிஞ்சுக்கணும்ல?" என்றார். கை சில்லென்று இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் போன் சத்தம் வந்தால் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, தொண்டையைச் செருமிக்கொள்வார். நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நிற்பேன். "கே.கே. நகர்ல இன்னைக்குக் கரண்ட் இருக்காதாம்" என்பார். மறுபடி கிண்டத் தொடங்குவேன். ஒருமுறை இண்டர்நெட் கனெக்ஷன் போய்விட்டது என்று பொய் சொன்னேன். அப்பா கடைக்கு நடந்து போய் ரீசார்ஜ் செய்துகொண்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

ஒருநாள் சாயங்காலம் அது வந்தது. அப்பா பேனுக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பெயரிலி போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படித்தார். "கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு. தலைக்கு நீங்களே சாயம் பூசிக்கொள்கிறீர்கள். பின்கழுத்தில் கை எட்டாத இடம் வெள்ளையாகவே இருக்கிறது. இடது தோள் இறங்கியிருக்கிறது. வெகுகாலம் அந்தத் தோளில் எதையோ சுமந்திருக்கிறீர்கள். உங்கள் மகள் எல்லாரிடமும் முகம் பார்த்துப் பேசுகிறாள். உங்களிடம் பேசும்போது மட்டும் தரையைப் பார்க்கிறாள். அவளிடம் கேளுங்கள்."

நான் மடித்த சட்டையைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன். சாயம் எட்டாத ஒரு விரற்கடை வெள்ளை. பல வருடம் கண்டக்டர் பை தொங்கி இறங்கிப்போன இடது தோள்.

அப்பா போனைத் தாழ்த்தினார். "பாவம், யாரோ" என்றார். "அந்தப் பொண்ணும் பாவந்தான். எப்படித்தான் மனசுல வெச்சுக்கிட்டிருக்கோ."

தன் முதுகு அவருக்குத் தெரியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அடுத்த பதிவுக்குப் போயிருப்பார். ஏனோ என்னால் இருக்க முடியவில்லை.

"அப்பா, அது நீங்கதான்பா."

அவர் திரும்பவில்லை. போன் வெளிச்சம் அணைந்துவிட்டது.

"எங்க இருக்கு?"

"கணையத்துல."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்பா."

கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஏன் பின்னாடி நின்னு சொல்ற? முன்னாடி வந்து உட்காரு" என்றார். நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். எழுந்து போகும்போது, "அடுத்த தடவ பின்னாடியும் நீயே பூசி விட்டுடு. அசிங்கமா இருக்கும்போல" என்றார்.

அன்று படுக்கப்போகும் முன் குழுவில் தன் சொந்தப் பெயரைப் போட்டுப் பதில் எழுதினார். 'பெயரிலி அவர்களுக்கு. அது நான்தான். என் மகள் சொல்லிவிட்டாள். எழுதியதற்கு நன்றி.' அதற்குக் கீழே ஊரே கும்பிடு போட்டிருந்தது.

மறுநாள் காலை கூடம் நிறைந்திருந்தது. பின் அறையின் கதவு திறந்தது. அக்கா உள்ளிருந்து நேராகக் கூடத்துக்குள் வந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். அவரை அப்படி நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை. எதையோ தொலைத்துவிட்டவர் போல இருந்தார்.

"உங்கப்பா பதில் போட்டிருக்காரு" என்றார்.

"ஆமாக்கா. சொல்லிட்டேன். நீங்க எழுதினது வந்துச்சு, அதான்..."

"அது உங்கப்பாவப் பத்தி இல்லம்மா."

எனக்குப் புரியவில்லை.

"அது மணப்பாறைக்காரரு. குச்சி மாதிரி ஒல்லியா, பொண்ணோட வந்தாரே. மாட்டுச் சந்தையில தோள்ல மூட்டை தூக்கினவரு. அது அனுப்பி ரொம்ப நாளாச்சு. வராமலே போயிடுச்சுன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "இப்ப உங்கப்பா நான்தான்னு போட்டுட்டாரு. அந்த ஆளு படிச்சாலும், நம்மள இல்லன்னு விட்டுருவாரு."

"அப்ப எங்கப்பாவுக்கு எழுதினது?"

"அது இன்னும் வரல."

மணப்பாறைக்காரர் ஸ்கேனுக்கு வந்தபோது கொடுத்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் தேடினேன். ஒரு போன் நம்பர் இருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். கவுண்டர் போனிலிருந்து அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பா இருக்காங்களா?"

"இருக்காரு. நீங்க யாரு?"

பின்னால் ஓர் ஆண் குரல், "யாருடா கண்ணு போன்ல?" என்று கேட்டது. தெம்பான குரல்தான்.

"அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா" என்றேன். "என்னன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

அவள் பயந்துபோன குரலில், "யாரு பேசுறது?" என்றாள். என் பெயர் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளே போனை வைத்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது அக்கா கவுண்டரில் இல்லை. பின்பக்கப் படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. மேனேஜரிடம் இருந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா மண்டபம் சாலையில் அந்த எண்ணில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. எங்கள் நிறுத்தத்திலும் அவரைப் பிறகு நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இனி அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "அப்ப யாருக்கோ வந்தத நான் வாங்கிக்கிட்டேனா?" என்றார். மணப்பாறைக்காரரை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டார். குழுவில் இன்னொரு பதிலும் எழுதினார். 'அது நான் இல்லை, வேறொருவர். அவர் தயவுசெய்து தன் மகளிடம் கேட்கவும்.' அதற்கு யாரும் பதில் போடவில்லை.

பிறகு அவருக்கு ஓர் ஆவல் பிடித்துக்கொண்டது. தன்னைப் பற்றி எழுதியது எப்போது வரும் என்று தினமும் பார்த்தார். "என் முதுகு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்ல?" என்பார். மருந்து ஏற்றும்போதும் பார்த்தார். போனைப் பிடிக்கக் கையில் தெம்பு இல்லாமல் போன பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

ஆடி பிறந்து காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. அன்று அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"வந்துருச்சா?"

"இன்னும் இல்லப்பா" என்றேன்.